மூன்றாவது தட்டு: காலி

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது இருக்கும் பெண்கள் மூன்று பேர் போன மாதம் தூத்துக்குடி மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். கம்பெனிக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். "சிடி காலத்துக் கதை ஏதாவது ரெண்டு பக்கம் எழுதித் தாங்கக்கா. சிரிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார்கள். வருமான வரி சாஃப்ட்வேரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒருத்தி திருச்செந்தூர் பஸ்ஸில் நின்றபடியே போய் விற்றாள் என்பதே அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. இருக்காதா பின்னே? அவர்களுக்கு அது பட்டனை அமுக்கினால் வந்து இறங்கும் சாமான்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். சிரிக்கிற மாதிரி வரவில்லை. வந்ததை எழுதியிருக்கிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் நாசரேத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் குப்பை கொட்டிவிட்டு, தூத்துக்குடியில் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன். சென்னைக் கம்பெனி ஒன்றின் வரி சாஃப்ட்வேரைத் தென் மாவட்டங்களில் விற்கும் ஏஜென்சி. மாடியில் இரண்டு அறை, நாலு பேர். ஆடிட்டர் ஆபீஸ், கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ், உப்புக் கம்பெனி, சாகுபுரம் ஃபாக்டரி என்று அலைந்து, சிடியைப் போட்டு, கணக்கர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும். இதையே இருபத்தாறு வருடம் செய்தேன்.

எங்கள் மேலதிகாரி இஸ்ரவேல் சார். என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் நான் உட்கார்ந்து பேசியதில்லை. அவர் உட்காரச் சொல்லாமலும் இருந்ததில்லை. சத்தம் போடமாட்டார், பாராட்டவும் மாட்டார். ஏதாவது தப்பு நடந்தால் நோட்டை எடுத்து அதில் எழுதி, நம் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடச் சொல்வார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்தக் கையெழுத்து இருக்கிறதே, அது ராத்திரி சோறு இறங்கவிடாது.

முதல் நாள் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது சிடியைப் பிடிக்க. "ஓட்டையில விரலை விடுங்க, ஓரத்தைப் பிடிங்க. முகத்துல கை படக்கூடாது. துடைக்கணும்னா நடுவுல இருந்து வெளிய. சுத்தித் துடைக்காதீங்க" என்றார். அதற்கென்று ஒரு வெள்ளை மல் துணியைத் துவைத்து மடித்து மேசையிலேயே வைத்திருப்பார். வருடா வருடம் பட்ஜெட் வந்து, சட்டம் மாறி, புது வெர்ஷன் கூரியரில் வந்து இறங்கும். ஒவ்வொரு சிடியையும் எங்கள் கம்ப்யூட்டரில் போட்டு முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார். இரண்டு நாள் போகும். மற்ற ஏஜென்சிக்காரர்கள் அதற்குள் பாதி ஊருக்கு விற்றிருப்பார்கள். நாங்கள் முணுமுணுப்போம். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

பீரோவில் மூன்றாவது தட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு வருட வெர்ஷனிலும் ஒரு சிடியை விற்காமல் அதில் எடுத்து வைப்பார். காரணம் இதுதான். ஒரு வருடத்துக் கணக்குக் கோப்பு அந்த வருட வெர்ஷனில்தான் முழுதாகத் திறக்கும். அடுத்த வெர்ஷனில் திறந்தால் பெயரும் தொகையும் வரும், தடம் வராது. தடம் என்றால், யார் எந்தத் தேதியில் உள்ளே போனார், எந்தப் பதிவில் எதை மாற்றினார் என்று சாஃப்ட்வேர் தானாகவே எழுதி வைக்கும் பக்கம். "வருஷம் கழிச்சு நோட்டீஸ் வரும். அன்னைக்கு இதைத் தேடிக்கிட்டு ஒருத்தன் வருவான்" என்பார். யாரும் வந்ததில்லை. அந்தத் தட்டைத் தூசி தட்டுவது என் வேலை. எனக்கு அது வீண் வேலையாகத்தான் பட்டது.

சுப்பையாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். துறைமுகம் போகும் ரோட்டில், கப்பல் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கர். ஏரல் பக்கம் ஆற்றங்கரை ஊர்க்காரர். அந்த ரோடு முழுக்க நிலக்கரித் தூசி. எந்த ஆபீசில் சிடி டிரைவைத் திறந்தாலும் உள்ளே கறுப்பாகப் படிந்திருக்கும். சுப்பையா மட்டும் டிரைவின் வாயில் ஈரத்துணி ஒட்டி வைத்திருப்பார். நான் போனால் மேசையில் புதுப் பேப்பர் விரித்து, "இங்கன வைங்கக்கா" என்று சிடிக்கு இடம் பண்ணுவார். சாமிக்குப் படையல் வைக்கப்போகிறோமா என்று கேலி பண்ணுவேன். வருடம் தவறாமல் குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, வேஷம் கட்டி, ஒரு வாரம் லீவு எடுப்பார். அந்த ஒரு வாரம் தவிர அவர் நாற்காலி காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு டவுன்லோடு வந்தது. அதற்காக நான் அழுதேன் என்று நினைக்க வேண்டாம். சந்தோஷப்பட்டேன். என் முட்டி இரண்டும் சந்தோஷப்பட்டன. சென்னையிலிருந்து உத்தரவு வந்தது: இனி சிடி கிடையாது. வாடிக்கையாளர்கள் பழைய சிடிகளைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருட லைசென்சில் சலுகை. திரும்பி வந்த சிடிகளையும் ஏஜென்சியில் இருக்கும் இருப்பையும் வெட்டி, வெட்டியதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். கள்ளக் காப்பி பயம் அவர்களுக்கு. எந்த ஊர் முதலில் முடிக்கிறது என்று பட்டியல் போட்டு வாராவாரம் மெயில் அனுப்பினார்கள்.

அந்தப் பட்டியல்தான் என்னைக் கெடுத்தது. வாத்தியார் மகள் அல்லவா, பட்டியல் என்றால் முதலாவதாக வர வேண்டும். ஆபீஸ் ஆபீசாகப் போய் அலமாரியைத் திறக்கச் சொல்லி அள்ளிக்கொண்டு வந்தேன். பத்து வருடத்துச் சிடியைக் கொடுத்தவர்கள் உண்டு. "எடுத்துட்டுப் போம்மா, இடத்தை அடைக்குது" என்றவர்கள்தான் அதிகம்.

சுப்பையா ஒருவர்தான் தயங்கினார். வருட வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தார்.

"அக்கா, இது இங்கனயே கிடக்கட்டுமே. என்னத்துக்குத் திருப்பிக் கேக்காவ?"

"கம்பெனி உத்தரவு சுப்பையா. உங்க முதலாளிக்கும் சலுகை கிடைக்கும்லா."

"சலுகை கிடக்கட்டும். நாளப்பின்ன ஒரு தேவைன்னா?"

"எல்லாம் இனிமே நெட்ல இருக்கும். சிடிய வச்சு என்ன செய்யப் போறீங்க? காக்கா விரட்டவா?"

சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டார். ரப்பர் பேண்டைக் கழற்றி வைத்துக்கொண்டார். சிரிக்கிற மாதிரி கேட்டார்களே, அந்தப் பெண்களுக்கு இந்த இடம் போதும் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் இஸ்ரவேல் சார் தம்பி கல்யாணத்துக்கு லீவில் போனார். பீரோ சாவி என்னிடம் இருந்தது. பட்டியலில் நாங்கள் இரண்டாவது இடத்தில் இருந்தோம். மூன்றாவது தட்டு ஞாபகம் வந்தது. உத்தரவில் 'இருப்பு முழுவதும்' என்றுதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. தகரம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டினேன். மத்தியானம் ஆயிற்று. விரல் கொப்பளித்துவிட்டது. தரையில் பரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பினேன். முதலிடம் வந்தது. பாராட்டு மெயில் ஒன்றும் வந்தது.

சார் திரும்பி வந்து பீரோவைத் திறந்தார். பிறகு நோட்டை எடுத்து, 'மூன்றாவது தட்டு: காலி' என்று எழுதி என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன். கல்யாணப் பலகாரத்தை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒன்றரை வருடம் போயிருக்கும். சுப்பையா ஒரு நாள் காலையில் எங்கள் மாடிக்கு வந்தார். அவர் எங்களைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. சட்டையெல்லாம் வேர்த்திருந்தது.

விஷயம் இது. அவர்கள் ஏஜென்சிக்கு ஒப்பந்தத்தில் லாரி விடுகிறவர்களுக்கு வாடகை கொடுக்கும்போது வரி பிடிப்பார்கள். பிடித்தது யார் பெயரில் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கள் சாஃப்ட்வேரில் பதிந்து அனுப்ப வேண்டும். நாலு வருடம் முன்னால் ஒரு தடவை பெரிய லாரிக்காரர் ஒருவருக்குப் பிடித்த வரி முழுவதும் இன்னொருவர் பெயரில் போயிருந்தது. லாரிக்காரருக்கு வரி இலாகாவிலிருந்து நோட்டீஸ் வந்து, முதலாளி முன்னால் வந்து குதித்திருக்கிறார். அந்த இன்னொருவர் யார் என்றால், சுப்பையாவின் மச்சான். மனைவியின் தம்பி. அவரும் அங்கே ஒப்பந்தத்தில் ஒரு லாரி விட்டிருந்தார்.

"நான் சரியாத்தான் போட்டேன்க்கா. போட்டு வச்சுட்டு குலசைக்குப் போயிட்டேன். வந்து கடைசி நாள்ல அப்படியே அனுப்பிட்டேன். திரும்ப ஒரு தடவ பாக்கல, அது என் தப்புதான். ஆனா பேரை நான் மாத்தல. அந்த ஒரு வாரத்துல யாரோ உள்ள போயிருக்காவ. தடத்தை எடுத்தா தெரிஞ்சிரும்லா?"

யாரோ என்றால் அந்த ஆபீசில் இன்னொரு ஆள்தான் அந்தச் சாஃப்ட்வேரைத் திறக்க முடியும்: முதலாளியின் மகன். அதைச் சுப்பையா தன் வாயால் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. சாட்சி இல்லாமல் சொன்னால் யார் நம்புவார்கள்?

அவர்கள் ஆபீசின் பழைய கம்ப்யூட்டர் தூசியில் செத்துப்போய்ப் புதிது வந்திருந்தது. கோப்பை மட்டும் பென் டிரைவில் பத்திரமாக வைத்திருந்தார். அந்த வருட வெர்ஷன் வேண்டும். புது வெர்ஷன் ஏற்றினால் பழையது போய்விடும் என்பதால் எங்கள் கம்ப்யூட்டரிலும் அது இல்லை. சென்னைக்குப் போன் போட்டேன். "அந்த வெர்ஷனுக்கு சப்போர்ட் நிறுத்தியாச்சு மேடம்" என்றது ஒரு சின்னக் குரல். இணையத்தில் கடைசி மூன்று வருடத்து வெர்ஷன்கள்தான் இருந்தன. நெட்டில் எல்லாம் இருக்கும் என்று சொன்னவள் நான். சுப்பையா அதை ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே ஞாபகம் இருந்தது.

அவர் கீழே டீ குடிக்கப் போன நேரத்தில் இஸ்ரவேல் சாரிடம் நான் ஒன்று சொன்னேன். இப்போது எழுதவும் கூசுகிறது. "சொந்த மச்சான் பேருல்லா வந்திருக்கு சார். அது எப்படி சும்மா வரும்?" என்றேன். சார் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். திரும்பினால் சுப்பையா வாசலில் நிற்கிறார், எங்களுக்கும் டீ வாங்கிக்கொண்டு. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. டீயை மேசையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தான் மாற்றவில்லை என்று காட்டச் சொல்லி முதலாளி சுப்பையாவுக்கு ஒரு வாரம் கெடு கொடுத்திருந்தார். சிடியைத் திருப்பித் தராதவர்கள் யார் என்று பட்டியலைப் பார்த்தேன். என் சாமர்த்தியத்தில் மிஞ்சியது ஒரே ஒரு ஆள். வேலாயுதம் என்று ஏரல் பக்கம் ஒரு வரி ஆலோசகர். தாமிரபரணிப் பாசனத்தில் வயலும் வைத்திருந்தார். அடுத்த நாள் நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

"சிடியா? இருக்கே! வாங்க காட்டுதேன்" என்று நேரே வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார் வேலாயுதம். நெல் பால்பிடித்து நின்றது. வரப்பில் நட்ட கம்புகளுக்கு இடையே கயிறு கட்டி, கயிறு நெடுக எங்கள் சிடிகள் தொங்கின. குருவி விரட்ட. வெயிலில் மின்னிச் சுழன்றுகொண்டிருந்தன. காக்கா விரட்டவா என்று கேட்டேனே, அந்தக் கேலிதான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுத்து அழிந்துபோயிருந்தாலும், உள்வட்டத்தில் பொடியாக அச்சடித்திருக்கும் எண்ணை வைத்து வருடம் கண்டுபிடிக்கலாம். சுப்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்திப் படித்தார். இரண்டாவது கயிற்றின் கடைசியில் கிடைத்தது. "அக்கா, இதுதான்! இதேதான்!" என்று கத்தினார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

சார் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து மல் துணியை எடுத்தார். நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே. துணியில் அழுக்கோடு வெள்ளிப் பூச்சும் பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தது. சார் கையை நிறுத்தினார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வானம் தெரிந்தது. ஆனாலும் கொண்டுவந்து டிரைவில் போட்டோம். சுழன்றது. பாதிவரை ஏறியது. நின்றது. எடுத்து, துடைத்து, மறுபடி போட்டார். அதே பாதியில் நின்றது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. சாயங்காலம் சுப்பையாதான் எழுந்து, "போதும் சார். மெஷினு கெட்டுரும்" என்றார்.

மறுநாள் சுப்பையா, 'கவனக்குறைவாலும் உறவினர் நலன் கருதியும்' என்று முதலாளி சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். போடாவிட்டால் போலீஸ் என்றிருக்கிறார்கள். மச்சானின் லாரியையும் நிறுத்திவிட்டார்கள். மச்சான் வீட்டார், நீதான் எங்களை மாட்டிவிட்டாய் என்று பேச்சை முறித்துக்கொண்டார்கள். சுப்பையாவின் மனைவிக்குப் பிறந்த வீடு இல்லாமல் போயிற்று. அவர்கள் ஊரைவிட்டுப் போனதையே நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். தேடிப் போய்ப் பார்த்தேனா என்றால், இல்லை. எந்த முகத்தோடு போவது?

அவருடைய கோப்பின் நகல் ஒன்று என் கம்ப்யூட்டரில் இருந்தது. ஓய்வு பெறும்போது அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழிக்கக் கை வரவில்லை.

போன வருடம் இஸ்ரவேல் சாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வந்தது. அவர் இப்போது மதுரையில் இருக்கிறார். கிறிஸ்துமஸ் வாழ்த்து தவிர வேறு எதுவும் அனுப்பாதவர். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. திறந்து பார்த்தேன். பழைய கோப்புகளைப் படித்துப் பார்க்க மட்டும், எல்லா வருட வெர்ஷன்களையும் கம்பெனி இணையத்தில் போட்டுவிட்டது. இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

நாலு நிமிடத்தில் இறங்கிவிட்டது. வயலும் இல்லை, சேறும் இல்லை. கோப்பைத் திறந்து தடத்தைப் பார்த்தேன். சுப்பையா பதிந்த நாள், சரியான பெயரோடு இருந்தது. ஆறு நாள் கழித்து, தசரா லீவுக்கு நடுவே, முதலாளி மகனின் பயனர் பெயரில் ஒருவர் உள்ளே போயிருக்கிறார். லாரிக்காரரின் பதிவில் முகவரியைத் திருத்தியிருக்கிறார். அதே நிமிடத்தில் அந்தப் பதிவில் பெயரும் மாறியிருக்கிறது. பெயர்ப் பட்டியலில் லாரிக்காரருக்கு நேர் கீழே இருந்தது மச்சான் பெயர். பட்டியல் விரிந்தபோது கை ஒரு வரி கீழே பட்டிருக்கிறது. அவ்வளவுதான். கெட்ட எண்ணம்கூட யாருக்கும் இல்லை. ஒருவேளை அந்தப் பையனுக்கே தெரியாதோ என்னவோ.

விசாரித்தேன். முதலாளி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகன் ஏஜென்சியை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டான். லாரிக்காரரும் இல்லை. மச்சான் வீட்டார் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. சுப்பையா சாகுபுரம் பக்கம் லாரி நிறுக்கும் ஒரு எடைமேடையில் இருக்கிறார் என்றார்கள்.

அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு திருச்செந்தூர் பஸ் ஏறினேன். இத்தனை வருடம் கழித்து அதே பஸ், அதே கைப்பை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று பாடம் பண்ணிக்கொண்டே போனேன். கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், மனசுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

எடைமேடையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுப்பையா வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து லாரி நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்து, "இங்கன இருங்கக்கா" என்றார்.

உறையை நீட்டினேன். பாடம் பண்ணியது எதுவும் வரவில்லை. "தடம் கிடைச்சிருச்சு சுப்பையா. நீங்க மாத்தல. சின்ன முதலாளி தெரியாமக் கை பட்டு மாத்தியிருக்காரு. இந்தாங்க, தேதியோட இருக்கு" என்றேன்.

வாங்கினார். உறையை ஓரத்தில் பிடித்திருந்தார், முகத்தில் விரல் படாமல். படிக்கவில்லை. ஒரு லாரி மேடையில் ஏறி நின்றது. அதன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். உறையை என்னிடமே நீட்டினார்.

"நான் மாத்தலன்னு எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமேக்கா. தெரியாம இருந்தது உங்களுக்குத்தான."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. டீ சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லச் சொன்னேன். அடுத்தடுத்து லாரிகள் வந்துகொண்டே இருந்ததால் அதற்கு மேல் பேச முடியவில்லை. டீயைக் குடித்துவிட்டு, அந்தத் தாளை மறுபடி கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போதும் அதில்தான் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை.